படிக்காத நாவலைப் பற்றிய பேச்சு: இங்கிலாந்தின் இலக்கிய மதிய விருந்துக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு

இங்கிலாந்துக்கு வந்து ஓரளவு நிலைகொண்டுவிட்டீர்கள், வாசிக்கும் பழக்கம் இருக்கிறது, ஆனால் இங்கே எழுதுகிற யாரையும் நேரில் பார்த்ததில்லை என்றால், பக்கத்தில் எங்காவது நடக்கும் இலக்கிய மதிய விருந்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். விளம்பரத்தில் லிட்டரரி லஞ்ச் என்று போட்டிருப்பார்கள். ஓட்டல் கூடத்திலோ உணவகத்தின் மாடியிலோ வட்ட மேசைகள் போட்டிருக்கும். மேசைக்கு எட்டுப் பத்துப் பேர் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சாப்பாடு முடியும் தறுவாயில் நாவலாசிரியர் எழுந்து, அண்மையில் வெளிவந்த தன் நாவலைப் பற்றிப் பேசுவார். ஒரு பகுதியை வாசித்துக் காட்டுவார். சில கேள்விகள் வரும். பிறகு புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுத் தருவார். பகல் மூன்று மணி வாக்கில் வீட்டுக்குக் கிளம்பிவிடலாம்.

என்ன உடுத்துவது, சைவம் கிடைக்குமா, பக்கத்தில் உட்காருகிறவரிடம் என்ன பேசுவது என்ற தயக்கத்திலேயே நம்மவர்கள் பலர் போவதில்லை. அதற்கெல்லாம் வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன். உண்மையில் தயாராக வேண்டிய விஷயம் வேறு. புத்தகம் புதியது என்பதால், கூடத்தில் இருப்பவர்களில் பெரும்பாலோர் அதைப் படித்திருக்க மாட்டார்கள். அவர்கள் முன்னால் அதை எழுதியவர் பேச வேண்டும், ஆனால் கதையைச் சொல்லிவிடக் கூடாது. அப்படிப்பட்ட பேச்சிலிருந்து ஒரு வாசகர் எதை எடுத்துக்கொண்டு வரலாம் என்பதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

இந்த வழக்கம் தொண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறது. லண்டன் சேரிங் கிராஸ் சாலையில் உள்ள ஃபாயில்ஸ் புத்தகக் கடையை நிறுவியவர்களில் ஒருவர் வில்லியம் ஃபாயில். அவருடைய மகள் கிறிஸ்டினா 1930இல், தனக்கு 19 வயதாக இருக்கும்போது, கடையின் சார்பில் மதிய விருந்துகளைத் தொடங்கினார். பார்க் லேனில் இருக்கும் டார்செஸ்டர், க்ரோவனர் ஹவுஸ் மாதிரியான பெரிய ஓட்டல்களில் அவை நடந்தன. பெர்னார்ட் ஷா, எச். ஜி. வெல்ஸ் போன்றவர்கள் வந்தார்கள். 1999இல் இறக்கும்வரை கிறிஸ்டினாவின் பெயரோடு அந்த விருந்துகள் சேர்ந்தே இருந்தன. வாசகர் காசு கொடுத்துச் சாப்பிடுவது, எழுத்தாளர் பேசுவது, கடைக்காரர் புத்தகம் விற்பது என்று அவர் போட்ட ஏற்பாடுதான் இன்றைக்குச் சின்ன ஊர்களிலும் நடக்கிறது.

எங்கே தேடுவது

உங்கள் ஊரில் தனியார் புத்தகக் கடை இருந்தால் முதலில் அங்கே போய்க் கேளுங்கள். சங்கிலிக் கடைகளைவிட இப்படிப்பட்ட சின்னக் கடைகள்தான் பக்கத்து ஓட்டலோடு பேசி விருந்து ஏற்பாடு செய்கின்றன. மின்னஞ்சல் பட்டியலில் பெயரைக் கொடுத்துவிட்டால் தகவல் வந்துகொண்டிருக்கும். அடுத்தது பத்திரிகைகள். லண்டனில் தி ஓல்டி மாத இதழ் நடத்தும் விருந்துகளில் ஒரே மதியத்தில் மூன்று எழுத்தாளர்கள் பேசுவார்கள். வடக்கே யார்க்‌ஷர் போஸ்ட் நாளிதழின் பெயரிலும் இத்தகைய விருந்துகள் நடந்துவந்திருக்கின்றன. பெரிய இலக்கிய விழாக்களின் நிகழ்ச்சி நிரலையும் பாருங்கள். 1949இல் தொடங்கிய செல்டனம் விழா அக்டோபரில் வரும். வேல்ஸ் எல்லையில் ஹே-ஆன்-வை ஊரில் 1988 முதல் நடக்கும் விழா மே மாதக் கடைசியில் தொடங்கும். விழாக்களில் அரங்கப் பேச்சுகள்தான் அதிகம், விருந்து குறைவு. ஆனால் அங்கே பேச வருகிறவர்கள் அதே பருவத்தில் பக்கத்து ஊர்களுக்கும் வருவார்கள்.

வசந்த காலமும் இலையுதிர் காலமும்தான் நல்ல பருவம். பதிப்பகங்கள் பெரிய நாவல்களைச் செப்டம்பர், அக்டோபரில் இறக்கும். ஆங்கில நாவல்களுக்கான புக்கர் பரிசின் ஆறு பேர் கொண்ட குறும்பட்டியலும் (இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களின் பட்டியல்) செப்டம்பர் வாக்கில்தான் வரும். பெண்களுக்கான புனைகதைப் பரிசின் நெடும்பட்டியல், அதாவது முதல் சுற்றுப் பட்டியல், மார்ச்சில் வந்து, ஜூனில் பரிசு அறிவிக்கப்படும். பட்டியலில் வந்த ஒருவர் பேசுகிறார் என்றால் இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

விருந்துகள் பெரும்பாலும் வார நாட்களில், மதியம் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குத் தொடங்குகின்றன. அதனால் வருகிறவர்களில் ஓய்வு பெற்றவர்கள் அதிகம். வேலைக்குப் போகிறவர்கள் அரை நாள் விடுப்பு எடுக்க வேண்டியிருக்கும். சின்ன ஊர்களில் டிக்கெட் 30, 40 பவுண்டுக்குள் கிடைக்கக்கூடும். லண்டனில் அதைவிடக் கூடும். வாங்கும்போது இரண்டு விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, புத்தகத்தின் விலையும் அதில் சேர்த்தியா. இன்னொன்று, குடிக்கும் பானம் சேர்த்தியா. வைனுக்குத் தனியாகக் காசு வாங்குவதுதான் பொதுவான வழக்கம். தண்ணீர் மட்டும் குடித்தாலும் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

சாப்பாட்டைப் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள்

இதை அலட்சியமாக விடாதீர்கள். சமையலறைக்கு எத்தனை பேர், யாருக்கு என்ன என்ற கணக்கு சில நாட்களுக்கு முன்பே போய்விடும். வந்து உட்கார்ந்த பிறகு கேட்டால் அவர்களால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது, வேகவைத்த காய்தான் வரும்.

வெஜிடேரியன் என்று மட்டும் எழுதினால் முட்டையும் பாலும் சீஸும் கலந்த உணவு வரும். முட்டை சாப்பிடாதவர்கள் அதைத் தனியாக எழுத வேண்டும். சூப்பில் கோழி வேகவைத்த சாறு சேர்ந்திருக்கலாம். மூஸ், பானகோட்டா மாதிரியான இனிப்புகளில் ஜெலட்டின் இருக்கலாம், அது விலங்கிலிருந்து வருவது. பார்மசான் சீஸில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருள் சேர்கிறது. டிரைஃபிளில் ஷெரி ஊற்றும் வழக்கம் உண்டு, கிறிஸ்துமஸ் புட்டிங்கில் பிராந்தி. மது வேண்டாம் என்பவர்கள் குடிக்கிற பானத்தோடு சேர்த்து இனிப்பைப் பற்றியும் சொல்லிவிடுவது நல்லது. ஹலால் இறைச்சி எல்லா ஓட்டல்களிலும் கிடைக்காது. முன்கூட்டிக் கேளுங்கள், இல்லையென்றால் மீனோ சைவமோ எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் எழுதுங்கள். நிலக்கடலை, பால், எள் உள்பட 14 பொருள்களைப் பற்றி உணவகங்கள் தகவல் தர வேண்டும் என்று இங்கே சட்டமே இருக்கிறது, கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

காது சற்று மந்தமாக இருந்தாலோ, ஆங்கில உச்சரிப்பு இன்னும் பழகவில்லை என்றாலோ, பேசுகிறவருக்குப் பக்கத்து மேசை வேண்டும் என்றும் அதே படிவத்தில் எழுதலாம். பெரும்பாலும் தருவார்கள்.

போவதற்கு முன் படிக்க வேண்டியது

புதிய நாவல் முழுவதையும் முன்கூட்டிப் படித்துவிட்டுப் போக வேண்டியதில்லை. பல சமயம் முடியவும் முடியாது. இங்கே புதிய புத்தகங்கள் வழக்கமாக வியாழக்கிழமைகளில் கடைக்கு வரும், விருந்து அந்த வாரத்திலேயேகூட இருக்கலாம். அதற்குப் பதிலாக இரண்டு காரியம் செய்யுங்கள்.

முதலாவது, அதே ஆசிரியரின் முந்தைய நாவல் ஒன்றைப் படியுங்கள். நூலகத்தில் கிடைக்கும், இல்லையென்றால் காகித அட்டைப் பதிப்பாகப் பத்துப் பவுண்டு வாக்கில் வாங்கலாம். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். பேசுகிறவர் புதிய நாவலைப் பற்றி எதைச் சொன்னாலும், பழையதைப் படித்தவருக்கு அது இரண்டு மடங்கு புரியும். போன நாவலில் தன்மையில் கதை சொன்னவர் இதில் ஏன் படர்க்கைக்கு மாறினார், போன தடவை ஒரே ஊருக்குள் நின்றவர் இப்போது ஏன் கடல் தாண்டிப் போகிறார் என்று உங்களுக்குள்ளேயே கேள்விகள் எழும். எதுவும் படிக்காமல் போகிறவருக்கு அது ஓர் இனிமையான பேச்சாக மட்டும் முடிந்துபோகும்.

இரண்டாவது, புதிய நாவலின் முதல் அத்தியாயத்தைப் படியுங்கள். கிண்டிலில் மாதிரிப் பக்கங்கள் இலவசமாக வரும், சில பதிப்பகங்களின் தளத்திலும் இருக்கும். அப்புறம், அந்த ஆசிரியர் வானொலியில் பேசிய பழைய பேட்டி ஏதாவது பிபிசியின் ஒலிச் செயலியான பிபிசி சவுண்ட்ஸில் இருக்கிறதா என்று தேடுங்கள். அவர் ஸ்காட்லாந்துக்காரராக இருந்து வேகமாகப் பேசுகிறவர் என்றால், ஒருமுறை வீட்டில் கேட்டுப் பழகிவிட்டுப் போவது பெரிய உதவி.

மேசையில்

புடவை, சுடிதார், கோட்டு, சுத்தமான சட்டை, எதுவும் சரிதான். வாசலில் ஒரு பலகையில் யாருக்கு எந்த மேசை என்று ஒட்டியிருப்பார்கள். தனியாக வருவது இங்கே சகஜம். கத்தி, முள்கரண்டி வரிசையில் வெளிப்பக்கம் இருப்பதிலிருந்து எடுத்து உள்பக்கமாக வாருங்கள். ரொட்டித் தட்டு உங்களுக்கு இடப்பக்கம், கண்ணாடிக் குவளை வலப்பக்கம். இதற்கு மேல் மேசை நாகரிகம் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

பேச்சைத் தொடங்க ஒரு கேள்வி போதும்: இப்போது என்ன படித்துக்கொண்டிருக்கிறீர்கள்? வந்திருக்கிற அத்தனை பேரும் வாசகர்கள், பதில் சொல்ல ஆசைப்படுவார்கள். ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டு அவர்கள் சொல்லும் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். சிலர் ஒரே வாசிப்புக் குழுவைச் சேர்ந்தவர்களாகச் சேர்ந்து வந்திருப்பார்கள். அந்தக் குழு எங்கே கூடுகிறது, புதியவர்களைச் சேர்ப்பார்களா என்று கேட்டுப் பாருங்கள். ஊர் நூலகங்களில் நடக்கும் குழுக்கள் பலவற்றில் கட்டணமே இல்லை.

நீங்கள் தமிழர் என்று தெரிந்தால் அவர்கள் பக்கமிருந்தும் கேள்வி வரும். 2022இல் புக்கர் பெற்ற ஷெஹான் கருணாதிலகவின் நாவல் போர்க்காலக் கொழும்பில் நடப்பது. 2024இல் பெண்களுக்கான புனைகதைப் பரிசு பெற்ற வி. வி. கணேசானந்தனின் நாவல் எண்பதுகளின் யாழ்ப்பாணத்தைப் பற்றியது. இவற்றைப் படித்தவர்கள் உங்களிடம் அதைப் பற்றிக் கேட்கலாம். நீங்கள் படிக்காவிட்டால் படிக்கவில்லை என்று சொல்லுங்கள், அதில் குறைவு ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்றுக்கு மட்டும் தயாராகப் போங்கள். உங்கள் மொழியில் எதைப் படிக்கலாம் என்று யாராவது கேட்டால், ஆங்கிலத்தில் கிடைக்கும் ஒரு தமிழ் நாவலின் பெயர் உங்கள் நாவில் இருக்க வேண்டும். பெருமாள்முருகனின் ‘பூக்குழி’ பிரிட்டனிலும் வெளியாகி, 2023இல், மொழிபெயர்ப்பு நூல்களுக்கான சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் வந்தது. இங்கே உள்ள கடையில் கேட்டு வாங்கலாம் என்பதால் அதைச் சொல்வது சுலபம். ஆங்கிலப் பெயரையும் மொழிபெயர்த்தவர் பெயரையும் சேர்த்துத் துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தால் வீட்டுக்குப் போய்த் தேடுவார்கள். நம் எழுத்தாளர்களுக்கு நம்மால் செய்ய முடிகிற காரியம் இது.

எழுத்தாளர் பேசும்போது

நம்மூர் நூல் வெளியீடுகளில் வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை எல்லாம் முடிந்து, கடைசியில்தான் எழுதியவர் ஏற்புரைக்கு வருவார். இங்கே ஒருவர் இரண்டு நிமிடம் அறிமுகம் செய்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். பிறகு முழு நேரமும் நாவலாசிரியருக்குத்தான். ஒருவருக்குப் பதினைந்து இருபது நிமிடம் இருக்கும். ஆகவே பேச்சு தொடங்கும்போதே காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் நாவல் எங்கிருந்து பிறந்தது என்று சொல்வார். ஒரு பழைய புகைப்படம், பாட்டி சொன்ன ஒரு வரி, செய்தித்தாளில் வந்த ஒரு வழக்கு. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். அந்தப் பொறிக்கும் கையில் இருக்கிற முந்நூறு பக்கத்துக்கும் நடுவில் என்ன நடந்தது என்று கவனியுங்கள். “முதலில் இதை அண்ணன் சொல்வதாக எழுதினேன், வரவில்லை” என்கிற மாதிரி ஏதாவது ஒரு வாக்கியம் போகிற போக்கில் வந்து விழும். எழுதுவதன் கஷ்டமும் சந்தோஷமும் அங்கேதான் இருக்கிறது. அப்படிப்பட்ட வரிகளை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், பேச்சின் மிச்சத்தைப் பதிவுகளில்கூட எப்போதாவது கேட்டுக்கொள்ளலாம்.

அடுத்து வாசிப்பு. பெரும்பாலும் நாவலின் தொடக்கத்திலிருந்து ஒரு பகுதியை எடுப்பார்கள், முன்கதை சொல்ல வேண்டிய அவசியம் இல்லையே. முதல் அத்தியாயத்தை நீங்கள் படித்திருந்தால், உங்கள் மனதில் ஒலித்த குரலும் அவர் வாசிக்கிற குரலும் எங்கே மாறுகின்றன என்று கேட்க முடியும். நீங்கள் துக்கமாகப் படித்த இடத்தில் அவர் சிரிப்பு வரும்படி வாசிக்கலாம். எந்தச் சொல்லில் நிற்கிறார், எந்த உரையாடலை வேகமாகக் கடக்கிறார் என்று பாருங்கள். நடுவிலிருந்து ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்தால் இன்னும் கவனமாகக் கேளுங்கள். முன்கதையை விளக்கவேண்டிய சிரமத்தையும் ஏற்றுக்கொண்டு அந்த இடத்தை எடுத்திருக்கிறார் என்றால், அது அவருக்கு முக்கியமான இடம்.

கதையின் பாதிக்கு மேல் அவர் வாயைத் திறக்கமாட்டார். அவர் எங்கே பேச்சை நிறுத்துகிறார் என்பதைக் குறித்துக்கொண்டு, பிறகு நாவலைப் படிக்கும்போது அந்த இடம் வருகையில் திரும்பப் பாருங்கள். ஒரு நாவலின் மூட்டு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த மிக நல்ல வழி இது.

கேள்வி கேட்பது

கையைத் தூக்குங்கள், மைக் உங்களிடம் வரும்வரை காத்திருங்கள், ஒரே ஒரு கேள்வியை இரண்டு வாக்கியத்துக்குள் கேட்டுவிட்டு உட்காருங்கள். நம் கூட்டங்களில் கேள்வி கேட்பவர் தன் கருத்தையும் விரிவாகச் சொல்வது வழக்கம். இங்கே கேள்வி நேரமே பத்து நிமிடம்தான், ஒருவர் நீட்டினால் இன்னும் இருவருக்கு வாய்ப்புப் போய்விடும். ஆங்கிலம் தடுமாறும் என்று பயம் இருந்தால் தாளில் எழுதி வைத்து அப்படியே வாசியுங்கள். இங்கே பிறந்து வளர்ந்தவர்களும் அப்படிச் செய்வதுண்டு.

பாத்திரங்கள் உண்மை மனிதர்களா என்ற கேள்வி நாவலாசிரியருக்கு ஊர் ஊராக வந்திருக்கும். எழுதிய வேலையைப் பற்றிக் கேட்டால் முகம் மலரும். எந்த அத்தியாயத்தைக் கடைசியாக எழுதினீர்கள்? எழுதிவிட்டு நீக்கிய பாத்திரம் யாராவது உண்டா? தகவல் சேகரிப்பது போதும், இனி எழுதலாம் என்று எப்போது முடிவு செய்தீர்கள்? முந்தைய நாவலைப் படித்தவர் என்றால், அதையும் இதையும் சேர்த்து ஒன்று கேளுங்கள். கூடத்தில் அப்படிக் கேட்கக்கூடியவர்கள் சிலர்தான் இருப்பார்கள். உண்மையாகப் படித்த ஒருவரை எதிரில் பார்க்கிற சந்தோஷம் எழுதுகிறவரின் பதிலில் தெரியும்.

கையெழுத்து வரிசை

புத்தகக் கடைக்காரர் ஓரமாக மேசை போட்டு விற்பார். புதிய நாவல் முதலில் கெட்டி அட்டையில்தான் வரும், விலை இருபது பவுண்டை ஒட்டி இருக்கும். காகித அட்டைப் பதிப்பு வர ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். கையில் பணம் இருந்தால் அங்கேயே வாங்குங்கள். இணையத்தில் இதைவிட மலிவாகக் கிடைக்கும்தான், ஆனால் அந்தக் கடை விற்றால்தான் அடுத்த எழுத்தாளரை அழைக்க முடியும். பணம் இடிக்கிறது என்றால், வீட்டிலிருந்து பழைய நாவலைக் கொண்டுபோய் நீட்டுங்கள். நன்றாகப் படித்துக் கசங்கிய பிரதியைப் பார்த்தால் எந்த எழுத்தாளருக்கும் பிடிக்கும். வேண்டுமானால் அங்கே உள்ளவர்களிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் பெயர்களின் எழுத்துக்கூட்டல் அவர்களுக்குத் தெரியாது. ஒரு சின்னத் தாளில் பெரிய எழுத்தில் எழுதி, புத்தகத்தின் பெயர் அச்சாகியிருக்கும் முதல் பக்கத்தில் செருகிக் கொடுங்கள். ஆசிரியர் கையெழுத்திட வேண்டிய பக்கமும் அதுதான். சேகரிப்பாளர் என்றால் பெயர் வேண்டாம், கையெழுத்து மட்டும் போதும் என்று சொல்லலாம். பதிப்புரிமைப் பக்கத்தில் உள்ள எண் வரிசையில் 1 இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அது முதல் அச்சு.

இரண்டு மூன்று பேர் பேசிய விருந்தென்றால், பிரபலமானவர் முன்னால் வரிசை வாசல்வரை நிற்கும். அதே மேசையின் இன்னொரு ஓரத்தில், முதல் நாவல் எழுதியவர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பார். அவரிடம் போங்கள். இதை நான் மனதாரச் சொல்கிறேன். பிரபலமானவரோடு உங்களுக்கு அரை நிமிடம் கிடைக்கும். இவரோடு பத்து நிமிடம் நின்று பேசலாம். அவர் சொன்னதில் உங்களுக்குப் பிடித்த ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டுக் கேள்வியைக் கேளுங்கள். அடுத்த நாவல் வெளிவருவது முதல் நாவலின் விற்பனையைப் பொறுத்திருக்கிறது. அவருடைய புத்தகத்தை வாங்கினால், அந்த மதியத்தில் செலவழித்த காசில் அதுதான் மிகவும் பயனுள்ளதாக இருக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு

நினைவு மங்குவதற்கு முன், ஒரு மாதத்துக்குள் நாவலைப் படித்துவிடுங்கள். படிக்கும்போது நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வாங்க முடியாதவர்கள் நூலகத்தில் முன்பதிவு செய்யலாம். அங்கே இல்லையென்றால் வாங்கச் சொல்லிக் கேட்கலாம். நூலகத்தில் இரவல் எடுப்பதால் எழுத்தாளருக்கு நஷ்டம் என்று நினைக்க வேண்டாம். 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொது நூலக இரவல் கணக்கை வைத்து எழுத்தாளர்களுக்குப் பணம் போகிறது. ஓர் இரவலுக்குச் சில பென்ஸ்தான் என்றாலும், ஆண்டுக்கு ஒருவருக்கு அதிகபட்சம் 6,600 பவுண்டு வரை சேரலாம்.

நாவல் பிடித்திருந்தால் பதிப்பகத்தின் முகவரிக்கு ஆசிரியர் பெயரிட்டு ஒரு பத்தி எழுதி அனுப்புங்கள், அவரிடம் சேர்த்துவிடுவார்கள். தமிழிலும் ஒரு குறிப்பு எழுதுங்கள். இங்கே வெளியாகும் புதிய ஆங்கில நாவல்களைப் பற்றித் தமிழில் வருவது மிகவும் குறைவு, பரிசு கிடைத்த பிறகுதான் பலருக்குப் பெயரே தெரிகிறது. எழுதியவரை நேரில் கேட்டுவிட்டு, நாவலையும் படித்துவிட்டு நீங்கள் எழுதும் நாலு பத்தி, ஊரில் இருக்கும் வாசகருக்கு அந்தப் புத்தகத்தைப் பல மாதம் முன்னதாகவே கொண்டுபோய்ச் சேர்க்கும்.